பத்து வயசுப் பையனுக்கு ‘ரெசிடென்ட் ஈவில் 4’ வீடியோ கேம் கொடுக்கலாமா?

அக்கா, பக்கத்து வீட்டுப் பையன் ஜோம்பி (செத்தும் நடமாடுற பிணம்) கேம்னு இரவல் கொடுத்த 2023 பதிப்பைத்தானே கேக்குறீங்க? பத்து வயசுக்கு வேண்டவே வேண்டாம். ஐரோப்பிய வயது முத்திரை 18, அமெரிக்காவில் 17.

சரியாச் சொன்னா அது ஜோம்பிகூட இல்ல. ஒட்டுண்ணி புகுந்த ஊர்க்காரங்க. சுட்டா தலை வெடிச்சு உள்ளேயிருந்து புழு மாதிரி ஒண்ணு நெளியும். மோட்டார் ரம்பத்தோட ஒருத்தன் துரத்துவான், பிடிச்சா கழுத்துதான்!

நானும் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்தான். என் மகன் ஒளிஞ்சு பார்த்துட்டு, செம்பனைக் காட்டில் ரம்பச் சத்தம் கேட்டாலே நடுங்கினான். ராத்திரி கழிவறைக்குத் துணைக்கு நான்.

ஜோம்பிதான் வேணும்னு அடம்பிடிச்சா ‘பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜோம்பீஸ்’ கொடுங்க. பட்டாணிச் செடி சுடும், ரத்தம் கிடையாது. முதல் நாள் கூடவே உட்காருங்க.