வெள்ளிக்கிழமை ஆட்டமும் 16 பாடங்களும்

அன்புள்ள அம்மா,

டெக்சஸிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். வெள்ளி இரவு பள்ளி அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிவிட்டு வந்த உங்கள் மகன் கண் கூசுகிறது என்று சமையலறை விளக்கை அணைக்கச் சொன்னான், தட்டில் வைத்த தோசையைத் தொடவே இல்லை என்கிறீர்கள். களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். தலையில் அடிபட்டதன் அறிகுறியாக இருக்கலாம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே, டாக்டர் எழுத்தில் அனுமதி தராமல் மாணவனைத் திரும்பக் களத்தில் இறக்கக் கூடாது என்று உங்கள் மாநிலத்தில் 2011இலேயே சட்டம் வந்துவிட்டது. அணியில் இடம் போய்விடுமே என்று அவன் மறைக்கப் பார்ப்பான். விடாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி: இந்த ஆட்டத்தை நம்பிப் பிழைக்க முடியுமா? அதற்கான பெரிய தொழில்முறைப் போட்டியான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள், அணிக்கு 53 பேர். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் யாரையும் சேர்ப்பதில்லை. அதனால் கல்லூரி வழியாகத்தான் போயாக வேண்டும். கல்லூரியில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அங்கே போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் சராசரியாக மூன்று, நான்கு ஆண்டுதான். சம்பளம் பெரிது, 2025இல் புதுமுகத்துக்கே குறைந்தது 8,40,000 டாலர். ஆனால் அணி நடுவில் கழற்றிவிட்டால், ஒப்பந்தத்தில் உத்தரவாதம் தந்த பகுதி மட்டுமே கைக்கு வரும்.

ஜான் உர்ஷல் பற்றி அவனிடம் சொல்லுங்கள். என்.எஃப்.எல். அணியான பால்டிமோர் ரேவன்ஸ் 2014இல் புதுமுகத் தேர்வின் ஐந்தாம் சுற்றில் எடுத்த ஆட்டக்காரர். ஆடிக்கொண்டே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் கணித முனைவர் படிப்பில் சேர்ந்தவர். 2015 பயிற்சி முகாமில் தலையில் அடிபட்ட பிறகு, கொஞ்ச நாள் உயர்கணிதம் ஓடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 2017இல், 26 வயதில், ஆட்டத்தை விட்டார். இன்று எம்.ஐ.டி.யிலேயே கணிதம் கற்பிக்கிறார். படிப்பைக் கைவிடாமல் வைத்திருந்ததால், விட வேண்டிய நாளில் அவரால் விட முடிந்தது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

'ஆடாதே' என்று அவனைத் தடுக்கும்படி உங்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை. டாக்டர் சரியென்றால் ஆடட்டும். அந்த ஆட்டமே உதவித்தொகையாகக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டவும் கூடும். ஆனால் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அவற்றில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். உங்கள் மகன் இப்போது பத்தாவது. இந்த வாரமே பள்ளி ஆலோசகரைப் பார்த்து, அவன் எடுத்திருக்கும் பாடங்களில் எவையெல்லாம் அந்தக் கணக்கில் சேரும் என்று கேளுங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.