வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஓட்டப் பயிற்சியை விடாமல் தொடர்வது எப்படி?

கேள்வி கேட்டவர் கூடவே இரண்டு விவரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் நன்றாக ஓடுகிறார், அதற்குப் பிறகு ஆர்வம் வடிந்துவிடுகிறது. இப்போது மூன்று வாரமாக ஓடவே இல்லை, மறுபடி எங்கிருந்து பிடிப்பது என்றும் கேட்கிறார். இரண்டையும் நான் பட்டிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில், மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 43. 2022 கடைசியில் ஓடத் தொடங்கினேன். மதுரையில் ஒரே ஒரு முறை 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டு 1 மணி 9 நிமிடத்தில் முடித்தேன். பந்தயக் கணக்கு அவ்வளவுதான். மற்றபடி வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம்.

தொடங்கியதற்குக் காரணம் பயம். வாப்பாவுக்கு (அப்பாவுக்கு) சர்க்கரை. காலில் வந்த புண் ஆறாமல் வலது பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதே வருஷம் எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 வந்தது. 5.7 தொட்டால் எல்லைக்கோடு, 6.5 தொட்டால் சர்க்கரை நோய் என்று டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். விடியுமுன்னே பயம் என்னை எழுப்பிவிட்டது. அதுவும் மூன்று வாரம்தான். வாப்பாவுக்குப் புண் ஆறி, வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்ததும் என் பயமும் சேர்ந்து ஆறிவிட்டது. பயமும் சரி, ஆசையும் சரி, ஒருவரைத் தொடங்க வைக்கும். அதற்கு மேல் அவற்றை நம்ப முடியாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் நேரம். நேரம் கிடைக்காததுதான் என் தடை என்று வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். 2023இல் அந்த நம்பிக்கையும் போயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்காரர்கள் எடுக்கும் கொஞ்சம் ஐஸைத் தவிர எங்களுக்கு வேலை கிடையாது. அந்த வருஷம் நோன்பின் கடைசி வாரமும் தடைக்காலத்தின் முதல் வாரமும் ஒன்றாக வந்தன. பெருநாள் முடிந்தால் ஏழெட்டு வாரம் கையில் இருக்கிறது, தினமும் ஓடலாம் என்று திட்டம் போட்டேன். ஜூன் 14 அன்று எண்ணிப் பார்த்தபோது ஒன்பது நாள்தான் ஓடியிருந்தேன்.

அதற்குச் சற்று முன் முடிந்த நோன்பு மாதத்தில், பகல் முழுக்கத் தண்ணீர் கூடக் குடிக்காமல், வேலைக்கும் போய்க்கொண்டு, பன்னிரண்டு நாள் ஓடியிருக்கிறேன். இதை யோசித்து யோசித்துப் பார்த்தேன். நோன்பில் ஒரு நாள் முழுக்க முளை அடித்து வைத்திருக்கும். சஹர் சாப்பாடு (விடியுமுன்), சுபுஹு (விடியற்காலை), லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்) தொழுகைகள், நோன்பு திறப்பு, தராவீஹ் என்ற இரவுத் தொழுகை என்று எதுவும் இடம் மாறாது. அஸர் தொழுதுவிட்டு வந்து, நோன்பு திறக்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது 25 நிமிடம் மெதுவாக ஓடுவேன். வந்து குளித்து உட்கார்ந்தால் கஞ்சியும் தண்ணீரும் முன்னால் இருக்கும். ஓட்டம் இரண்டு முளைகளுக்கு நடுவே கட்டிக் கிடந்தது. தடைக்காலத்தில் முளையே இல்லை. 'காலையில் ஓடலாம்', 'வெயில் தாழட்டும்', 'நாளைக்குப் பார்ப்போம்' என்று அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி அலைந்தது. (சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் நோன்போடு ஓடுவதை டாக்டரிடம் கேட்காமல் செய்யவே கூடாது.)

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இது ஒன்றுதான். ஓட்டத்துக்கென்று தனி நேரம் தேடுவதில்லை. நாளில் ஏற்கெனவே அசையாமல் நிற்கும் ஒன்றோடு அதைக் கட்டிவிடுகிறேன். எனக்கு அது சுபுஹுத் தொழுகை. ஓடும் நாளில் ஷூ போட்டுக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போவேன். படியில் கழற்றி வைத்துவிட்டுத் தொழுவேன். வெளியே வந்தால் காலில் மாட்ட அந்த ஷூதான் இருக்கிறது. மாட்டியதும் கால் தானாக ரோட்டுக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு மனதில் ஆர்வம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுக்கொள்ள அங்கே இடமே இல்லை. உங்களுக்கு அது பால் வாங்கப் போவதாக இருக்கலாம், பிள்ளையை வேனில் ஏற்றிவிடுவதாக இருக்கலாம், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும் நிமிடமாகவும் இருக்கலாம். எதுவானாலும் நீங்கள் நினைத்தாலும் தள்ளிப்போட முடியாததாக அது இருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. இது எங்கள் ஊர் விஷயம் என்றாலும் எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். மண்டபம் ஒல்லியான நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் தென்கடல் கொந்தளிக்கும். மழை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை கிளம்பினால் அமைதியான வடகடலும் பொங்கிவிடும். ஓடுகிறவனுக்கு இரண்டும் எதிரே வரும். கச்சான் காலத்தில் கிழக்கே பாம்பன் பாலத்துப் பக்கம் ஓடினால் போகும்போது முதுகைத் தள்ளிக் கொடுக்கும், திரும்பும்போது முகத்தில் அறையும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஓடுகிறவன், அதே மூச்சுக்கு 8 நிமிடம் எடுப்பேன். முதல் வருஷம் போன் ஆப்பில் அந்த எண்ணைப் பார்த்து ஒவ்வொரு நாளும் மனம் சோர்ந்தேன். போன மாதத்தைவிட மோசமாகிவிட்டேன் என்று எண்ணினேன். மாறியிருந்தது காற்றுதான்.

இப்போது தூரத்தையும் வேகத்தையும் பார்ப்பதில்லை. 40 நிமிடம், அவ்வளவுதான். காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு புறப்பட்டு, முதுகில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற மாதிரி வழியை மாற்றிக்கொள்வேன். கச்சான் காலத்தில் மேற்கே உச்சிப்புளிப் பக்கம், வாடைக் காலத்தில் பாலத்துப் பக்கம். பக்கத்தில் ஆள் இருந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்குத்தான் வேகம். கடற்கரை மணலில் ஓடினால் நன்றாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள். காய்ந்த மணலில் அதே வேகத்துக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். அலை நனைத்த மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் சரிவில் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். வாரத்துக்கு ஒரு நாள், பத்து நிமிடம் போதும். உள்பாதைகளில் போனால் சீமைக்கருவேல முள் ஷூவையும் துளைத்துவிடும், கவனம்.

வேகத்தின் மேல் வைத்த ஆசைக்கு நான் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பள்ளிக்கூட மைதானத்தில் போலீஸ் தேர்வுக்கு ஓடும் தம்பிகள் நிறைய. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் அவர்களுக்கு. 'வாங்கண்ணே, கூட ஓடுங்க' என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். ஓடினேன். மூச்சு தாங்கியது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டாவது வாரம் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. ஆறு வாரம் ஓடவில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநாருக்கும் குதிகாலுக்கும் பல மாதம் வேண்டும். நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் நம்மைப் போன்றவர்கள் விழுகிறோம். ஒரு மாதத்தில் ஆர்வம் போய்விடுகிறது என்கிறீர்களே, அந்த மாதத்தில் எவ்வளவு வேகமாக ஓடினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்வம் போய்விட்டது என்று நாம் சொல்வதில் பாதி, உடம்பு களைத்துப்போனதாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஓடாமல் இருக்க வேண்டிய நாளையும் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறேன். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் கரையிலேயே நிற்கும். போகலாமா வேண்டாமா என்று டிரைவர் அந்த நேரத்தில் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சின்ன வயதில் மண்டபம் ஸ்டேஷனில் அப்படி நின்ற ரயிலில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் ஒரு 58 வைத்துக்கொண்டேன். ராத்திரி ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் ஓட்டமில்லை. காய்ச்சல் என்றால் ஓட்டமில்லை. கடலுக்குப் போகப் படகுகளுக்கு அனுமதி டோக்கன் கொடுத்து, விடியுமுன்னே ஐஸ் ஏற்ற வேண்டிய நாளில் காலை ஓட்டமில்லை. இந்த மூன்றைத் தவிர வேறு எந்தக் காரணமும் செல்லாது. 'இன்றைக்கு மனசு சரியில்லை' என்பது என் பட்டியலில் கிடையாது. சிவப்பு விழுந்த நாளில் ஓடாததற்காக வருத்தப்படுவதும் கிடையாது. முன்பெல்லாம் ஒரு நாள் விட்டால் குற்ற உணர்ச்சியில் நான்கு நாள் போய்விடும்.

இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு நாள் காலை நான் வியர்வையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி அடுப்படியில் இருந்து திரும்பாமலே சொன்னாள்: "நீங்க ஓடுற அந்த முக்கா மணி நேரம் ஏங்கணக்குலேருந்துதான் போகுது." இரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, வாப்பாவுக்கு ஊசி போட்டு, தண்ணீர் பிடித்து, எல்லாவற்றையும் அவள் ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்தாள். கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தக் கணக்கு கண்ணில் படவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து பேசினோம். சனி, திங்கள், வியாழன் என் நாட்கள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலையில் அவளும் பக்கத்துத் தெருவில் இருக்கும் அவளுடைய லாத்தாவும் (அக்காவும்) நடக்கப் போவார்கள். தேங்காய் துருவுவது முதல் பிள்ளைகளை வேனில் ஏற்றுவது வரை அன்றைக்கு என் பொறுப்பு. புதன் இருவருக்கும் ஓய்வு. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் என் ஓட்டம் நிலைத்தது. வீட்டில் ஒருவர் முகம் வாடியிருக்க, ஷூ கட்டிக்கொண்டு வெளியே போவது ரொம்ப நாள் ஓடாது. நான் எழவில்லை என்றால் இப்போது அவளே, "எந்திரிங்க, உங்க நாளு இது" என்பாள்.

ஊர்ப்பேச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. முதல் மாதங்களில் கருவாடு காயப்போடும் ஒரு அம்மா தினமும் கேட்பார்: "யாரும் வெரட்டிட்டு வாராகளா தம்பி?" எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்துக்காக இருட்டிலேயே ஓடி முடிக்கப் பார்த்தேன், நாய்கள் விடவில்லை. (நாய் வந்தால் ஓடாதீர்கள். நின்று, நடந்து கடங்கள்.) ஒரு முறை குதிகால் வலியோடு ஆறு வாரம் வராமல் இருந்து திரும்பிப் போனபோது அதே அம்மா சாக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து, "என்னய்யா காணோம்? வாப்பாவுக்கு ஒண்ணுமில்லயே?" என்றார். அதற்குப் பிறகு வெளிச்சத்தில்தான் ஓடுகிறேன்.

மூன்று வாரம் விட்டுப்போனதற்கு வருகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. ஓட்டத்தை நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, அதனால் பழைய வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும், மூச்சு வாங்கும். எல்லாம் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் போனது போலவே அது சீக்கிரம் திரும்பியும் வரும். பழைய தூரத்தை முதல் நாளே தொட்டுப் பார்க்க மட்டும் போகாதீர்கள். முதல் வாரம் மூன்று நாள், 20 நிமிடம். இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடங்கள். இரண்டாம் வாரம் அதே மூன்று நாள், 25 நிமிடம். நடக்கத் தோன்றினால் நடங்கள். மூன்றாம் வாரம் 30 நிமிடம். இந்த மூன்று வாரமும் ஆப்பைத் திறக்காதீர்கள், கைக்கடிகாரத்தில் நேரம் மட்டும் பார்த்தால் போதும். எந்த மூன்று நாள் என்பதை மட்டும் தனியாக முடிவு செய்ய வேண்டாம். இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு வீட்டில் கேளுங்கள்.