மூங்கில் கலந்த குளியல் துண்டு பருத்தித் துண்டைவிட நல்லதா? இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கலாமா?

உடம்பில் படும்போது இருக்கிற சுகத்துக்காக என்றால் தாராளமாக வாங்கலாம், அதில் அது உண்மையிலேயே நல்ல துண்டு. ஆனால் கிருமி அண்டாது, சீக்கிரம் காயும், இயற்கைக்கு நல்லது என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி இரண்டு மடங்கு கொடுக்க வேண்டாம். கேள்வியில் அபார்ட்மெண்ட், மொட்டை மாடி கிடையாது, ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் கடைசியில் வருகிறேன்.

கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்கிற ஓர் இடத்தில் ஆறு வருடம் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். பெட்ஷீட், சமையலறைத் துணி, துண்டு எல்லாம் கைக்கு வரும். இப்போது சென்னையில் இருக்கிறேன், அம்மா கரூர் வீட்டிலேயே இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் மூங்கில் கலந்த துண்டு நான்கு வாங்கி, இரண்டை இங்கே வைத்துக்கொண்டு இரண்டை அம்மாவுக்குக் கொடுத்தேன். ஒரே கடை, ஒரே ரகம், ஒன்று 900 ரூபாய். அதே அளவு பருத்தி டர்க்கி டவல் அப்போது அங்கேயே 450-க்குக் கிடைத்தது.

முதலில் இந்த "மூங்கில்" என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். தேங்காய் மட்டையிலிருந்து நார் உரிப்பது போல மூங்கிலை உரித்து நூலாக்குகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். துண்டுக்கு வருவது அநேகமாக விஸ்கோஸ், அதாவது ரேயான். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துத் தேன் பதத்துக்குக் கரைத்து, அதை மிகச் சிறிய துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் இழையாக வெளியே வரும். இப்படி வந்த இழையில் மூங்கிலின் குணம் என்று தனியாக எதுவும் மிஞ்சுவதில்லை, யூகலிப்டஸ் மரத்தை இதே வழியில் கரைத்தாலும் வருவது இதே செல்லுலோஸ் இழைதான்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-லிருந்தே ரேயானை "மூங்கில்" என்று விற்கிறவர்கள் மேல் நடவடிக்கை எடுத்து வருகிறது. 2022-ல் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய நிறுவனங்களும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தன. கிருமியை எதிர்க்கும் குணம் மூங்கிலிலிருந்து அந்த ரேயானுக்கு வந்து சேர்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதும் அந்த அமைப்பின் நிலை. துண்டில் நாற்றம் வருவது ஈரம் காயாமல் கிடப்பதால். எந்த நூலாக இருந்தாலும் நாள் முழுக்க ஈரமாகவே இருந்தால் நாறும்.

இயற்கைக்கு நல்லது என்கிற பேச்சுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. மூங்கில் வேகமாக வளரும், வெட்டினால் மறுபடி துளிர்க்கும், பருத்தி அளவுக்குத் தண்ணீர், மருந்து கேட்காது, இதெல்லாம் சரி. சிக்கல் அது ஆலைக்குள் போன பிறகு ஆரம்பிக்கிறது. கார்பன் டைசல்பைடு தொழிலாளர்களின் நரம்பைப் பாதிக்கிற பொருள். மூங்கிலிலிருந்து ரேயான் எடுப்பது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. கோழிக்கோடு பக்கம் மாவூரில் 1960களில் தொடங்கிய ஆலைக்குக் கேரளக் காடுகளின் மூங்கில்தான் மூலப்பொருள். காட்டு மூங்கில் மிக மலிவாக அந்த ஆலைக்குப் போனது, கழிவு சாலியாற்றில் கலந்தது, ஊர்மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள், கடைசியில் ஆலை மூடப்பட்டது. நம் சிறுமுகையிலும் ஒரு விஸ்கோஸ் ஆலை இருந்தது, அதன் கழிவால் பவானி ஆறு கெட்டது கோவை, ஈரோடு பக்கத்தில் வயதானவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். பவானி கூடுதுறையில் காவிரியில் சேர்ந்து அந்தத் தண்ணீர் எங்கள் கரூர் வழியாகத்தான் கீழே போகிறது. அதனால் "மூங்கில், ஆகவே பசுமை" என்று ஒரு அட்டையில் படித்தால் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. லயோசெல் என்று ஒரு முறை இருக்கிறது, அதில் கரைக்கப் பயன்படுத்தும் திரவத்தைத் திரும்பப் பிடித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள், கார்பன் டைசல்பைடு கிடையாது. அட்டையில் "மூங்கில் லயோசெல்" என்று தெளிவாக இருந்தால் அந்தப் பசுமைப் பேச்சில் ஓரளவு அர்த்தம் உண்டு. வெறும் மூங்கில் என்றிருந்தால் விஸ்கோஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நல்ல பக்கம். அம்மாவுக்கு 74 வயது. முன்கையில் தோல் காகிதம் மாதிரி ஆகிவிட்டது, கொஞ்சம் அழுத்தித் துடைத்தாலே செம்பழுப்பாகத் திட்டுத் திட்டாக ரத்தம் கட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் துவைத்துத் துவைத்துப் பருத்தி டர்க்கி டவல் அவருக்கு உப்புத்தாள் போலத்தான் இருந்தது. இந்தத் துண்டைக் கொடுத்த மறுநாள் போனில், "தேய்க்கிற மாதிரியே தெரியல கண்ணு, ஒத்தி எடுக்கிற மாதிரி இருக்குது" என்றார். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் கொடுத்த பணம் போதும். விஸ்கோஸ் இழை வழவழப்பாக இருக்கும், பருத்தியில் இருக்கிற முறுக்கும் சொரசொரப்பும் அதில் இல்லை. ஈரத்தையும் அதிகம் பிடிக்கும். சாதாரணக் காற்றில் வைத்தாலே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் வாங்கும் என்றால் விஸ்கோஸ் 11 முதல் 13 சதவீதம் வாங்கும். தலை துடைக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இதுவே அதன் குறையும்கூட. அதிகம் குடிக்கிற துண்டு மெதுவாகத்தான் காயும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பால்கனிக் கொடியில் போட்டால் காலையில் போட்ட பருத்தித் துண்டு மாலைக்குள் ஓரளவு காய்ந்திருக்கும், மூங்கில் துண்டின் விளிம்பு மடிப்பும் பார்டரும் இரவிலும் சில்லென்றே இருக்கும். "சீக்கிரம் காயும்" என்று எழுதுகிறவர்கள் எந்த ஊரில் காயவைத்துப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை, எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலத்தில்கூட அப்படி நடக்கவில்லை.

வலு விஷயத்தைத்தான் வாங்குவதற்கு முன் முக்கியமாக யோசிக்க வேண்டும். பருத்தி நனைந்தால் வலு கூடுகிற நூல். விஸ்கோஸ் நேர்மாறு, நனைந்தால் ஏறக்குறைய பாதி வலு போய்விடும். துண்டு என்பது தினமும் நனைகிற பொருள், துவைக்கும்போது நனைந்த நிலையில்தான் அடி வாங்குகிறது. நான் வாங்கிய நான்கில் சென்னையில் இருக்கிற இரண்டும் மெஷினில் மென்மையான சுற்றில் துவைத்து மூன்று வருடமாக நன்றாகவே இருக்கின்றன, கொஞ்சம் மெலிந்திருக்கின்றன, அவ்வளவுதான். அம்மா வீட்டில் துவைக்கிற கல்லில் அடித்துத் துவைப்பார்கள். அங்கே எட்டே மாதத்தில் நடுவில் லூப், அதாவது மேலே நிற்கிற நூல் வளையம், எல்லாம் உதிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அடிநெசவு தெரிந்தது. துவைக்கிற அக்கா மேல் தப்பு இல்லை, கல்லில் அடிக்கிற வழக்கம் பருத்திக்காக வந்தது. புதிதாக இரண்டு வாங்கிக் கொடுத்து, அவற்றை மட்டும் பக்கெட்டில் ஊறவைத்துக் கசக்கிப் பிழியச் சொல்லியிருக்கிறேன், முறுக்காமல். இப்போது தாங்குகிறது.

கடையில் பார்க்கும்போது சதவீதத்தைக் கேளுங்கள். "மூங்கில் துண்டு" என்று பெரிய எழுத்தில் போட்டு, பின்னால் பொடி எழுத்தில் 30 சதவீதம்தான் மூங்கில் என்று இருக்கும், அதற்கு இரண்டு மடங்கு விலை அநியாயம். என் அனுபவத்தில் அடிநெசவு முழுப் பருத்தியாகவும், மேலே நிற்கிற லூப்பில் மட்டும் மூங்கில் கலந்தும் இருக்கிற துண்டுதான் நல்ல சேர்க்கை, ஏனென்றால் உடம்பில் படுவது லூப், பாரத்தைத் தாங்குவது அடிநெசவு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 70-க்கு 140 சென்டிமீட்டர் குளியல் துண்டு கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர்தான், அதனால் சமையலறைத் தராசில் வைத்து வருகிற கிராமே ஏறக்குறைய அதன் ஜிஎஸ்எம். 600 என்று எழுதி விற்றது 430 கிராம் வந்தால் திருப்பிக் கொடுங்கள். நம் ஈரப்பதத்துக்கு 600 தேவையும் இல்லை, மூங்கில் கலந்ததில் 400-ஐத் தாண்ட வேண்டாம் என்பேன்.

கலப்படம் பார்க்க விரும்பினால் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும், பாலியஸ்டர் இருந்தால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பாலியஸ்டரில் செய்கிற மைக்ரோஃபைபரை மூங்கில் என்று விற்பதை இதில் பிடித்துவிடலாம். பருத்தியா விஸ்கோஸா என்று இதில் தெரியாது, அதற்கு இன்னொரு நூலை எடுத்து நடுவில் மட்டும் நாக்கில் நனைத்து இரண்டு பக்கமும் இழுங்கள். நனைந்த இடத்திலேயே சட்டென்று அறுந்தால் விஸ்கோஸ், நன்றாகத் தாக்குப்பிடித்தால் பருத்தி.

துவைப்பதைப் பற்றிச் சுருக்கமாக. புதுத் துண்டில் மென்மைக்காகப் பூச்சு இருக்கும், மூன்று முறை துவைத்த பிறகுதான் தண்ணீரை ஒழுங்காக உறிஞ்சும், முதல் நாளே திட்ட வேண்டாம். கடைசி அலசலில் வாசனைக்காக ஊற்றுகிற திரவம் எந்தத் துண்டுக்கும் ஆகாது, அது இழை மேல் படலமாகப் படிந்து உறிஞ்சுவதைக் கெடுக்கும். போர் தண்ணீரில் விறைத்துப்போனால் அலசல் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் விடுங்கள். ஒரு லூப் மட்டும் நீட்டிக்கொண்டு வந்தால் இழுக்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள், டர்க்கி நெசவில் வெட்டினால் பிரியாது, இழுத்தால்தான் வரிசையாக வரும்.

இனி உங்கள் வீட்டுக்கு. குழந்தைக்கு ஒன்றோ இரண்டோ வாங்குங்கள், மெல்லியதாக, சின்ன அளவில், அவ்வளவுதான். குழந்தைத் துண்டு சின்னது, பால்கனியிலேயே காய்ந்துவிடும், தோலுக்கும் இதமாக இருக்கும். பெரியவர்களுக்கு நான் ஈரிழைத் துண்டையே சொல்வேன். மெல்லிசாக இருக்கிறதே என்று பலர் அதைப் பயணத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார்கள், ஆனால் துவைக்கத் துவைக்க மிருதுவாகும், மழையிலும் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும், கல்லில் அடித்தாலும் வருடக்கணக்கில் உழைக்கும், மூங்கில் துண்டு ஒன்றின் விலையில் நான்கைந்து வாங்கலாம். வீட்டில் என் அம்மா மாதிரி தோல் மெலிந்த பெரியவர்கள் இருந்தால் மட்டும் அவர்களுக்கும் ஒரு மூங்கில் துண்டு சேர்த்து வாங்குங்கள், அதைத் துவைப்பவரிடம் கல்லில் அடிக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.