காவலர் தேர்வும் இட ஒதுக்கீடும்: கேள்வி பதில்

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பிள்ளைகளைப் பல வருடமாகப் பழக்குகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தென்காசித் தம்பி: பிசி, 168 செ.மீ. இருக்கிறேன். முடியுமா சார்?

முடியாது தம்பி. ஆண்களுக்கு 170. எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி. பிரிவுக்கு மட்டும் 167. உயரம் கூட்டும் மாத்திரை என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். குரூப் 4-க்குப் படியுங்கள்.

திருச்சி வாசகர்: எஸ்.சி.க்கு ஓட்டத்திலும் சலுகை இருக்கிறதே? காவல்துறையின் தரம் இப்படித்தானே குறைகிறது?

இல்லை. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதில் சாதி பார்த்து ஒரு நொடிகூடக் கூட்டித் தருவதில்லை. தமிழ்த் தகுதித் தேர்விலும் தேர்ச்சிக்கு எல்லோருக்கும் 40 சதவீதம்தான். தளர்வு உயரத்தில் 3 செ.மீ., வயதில் சில ஆண்டுகள், அவ்வளவுதான். என்னிடம் 167 செ.மீ. பையன் ஒருவன் பழகினான். கயிறு ஏறி உள்ளங்கை உரிந்து, துணி சுற்றிக்கொண்டு மறுநாளும் ஏறினான். அந்த 3 செ.மீ.யால் அவன் எந்த வேலையைச் செய்ய முடியாமல் போகும்? சொல்லுங்கள்.

கோவைத் தம்பி: எம்பிசிக்கு 167 போதுமா?

மேலே சொல்லிவிட்டேன். அறிவிக்கையை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள்.

திருச்சி வாசகர் மறுபடியும்: கட்-ஆஃப் குறைவுதானே? அப்புறம் பொதுப்பிரிவு இடத்துக்கும் ஏன் வருகிறீர்கள்?

கட்-ஆஃப் பல நேரம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பொதுப்போட்டி என்பது 'மற்ற சாதிகளுக்கு' ஒதுக்கிய இடம் இல்லை. உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வில் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. பொதுப்பிரிவுப் பெண்கள் பட்டியலில் கடைசியாகத் தேர்வானவர் சுமார் 274.8 மதிப்பெண். 276.5-க்கு மேல் எடுத்த ஓபிசி பெண்ணுக்கு இடம் இல்லை என்றார்கள். ஓபிசி என்பதால் பொது மகளிர் இடத்துக்கு வரக் கூடாதாம். 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொது இடம் எல்லோருக்கும் திறந்தது, அங்கே மதிப்பெண்தான் பேசும் என்றது. தரம் தரம் என்பவர்கள் அந்த 276-ஐ முதலில் பார்க்க வேண்டும். கூடுதலாக எடுத்தவரை வெளியே நிறுத்திவிட்டுக் குறைவாக எடுத்தவரை உள்ளே விடுவதா தரம்?

சேலம் வாசகர்: பெண்களுக்கு 400 மீட்டர் மட்டும்தானே? இது அநியாயம் இல்லையா?

2 நிமிடம் 30 நொடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு பெண்ணை இன்னொரு பெண்தான் சோதனையிட வேண்டும் என்பது சட்டம். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தபின் எத்தனை பெண்கள் துணிந்து புகார் கொடுக்க வந்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கரூர்த் தங்கை: எஸ்.டி., 157 செ.மீ.

சரியாக இருக்கிறது. பொதுவாகப் பெண்களுக்கு 159, உங்களுக்கு 157. அளக்கும்போது குதிகால் தூக்காதீர்கள்.

திருநங்கை தோழி: விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. பணிக்காக உயர் நீதிமன்றம் போய் 2015-இல் வென்றார். அந்த வழி உங்களுக்கும் திறந்தே இருக்கிறது.

மதுரைத் தம்பி: ஒரு ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார், ரிசர்வேஷனில் போட்டுத் தருவாராம்.

கொடுக்காதே. எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசைப்படுத்தும் இனச்சுழற்சி அவன் பையில் இல்லை. அவன் எண்ணை உள்ளூர் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வா.