வீட்டிலிருந்தே முனைவர் பட்டம் கிடைக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிஎச்.டி. பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டும் கைடாக இருந்த வருடங்களில் கண்ணால் கண்டதையும் கொஞ்சம் சொல்கிறேன்.

ஏனுங்க ஐயா, திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன். எம்.பி.ஏ. முடிச்சு 12 வருசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் லீவு. தொலைதூரக் கல்வியில பிஎச்.டி. பண்ணோணும். எங்க குறைஞ்ச செலவுல முடியும்?

இந்தியாவில் அப்படி ஒரு படிப்பே இல்லைங்க தம்பி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2016 விதிகளிலேயே தொலைதூர முறையில் பிஎச்.டி. நடத்தக்கூடாது என்று இருந்தது. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகள் ஆன்லைன் முறையையும் சேர்த்து அடைத்துவிட்டன. இக்னோ எனும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பிஎச்.டி. இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அவர்களுக்கும் இதே விதிதான். பாடம் தபாலில் வந்து பட்டமும் தபாலில் வருகிற கதை அங்கேயும் கிடையாது.

உங்களுக்குத் திறந்திருக்கும் வாசல் பார்ட் டைம் பிஎச்.டி. வேலையை விட வேண்டியதில்லை, ஆனால் நேரில் போக வேண்டும். கம்பெனியிடமிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும். பகுதி நேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்கு நேரம் ஒதுக்கும்படிதான் இவருடைய வேலை இருக்கிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் (ஆய்வோடு படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்) முடிக்க விடுவிக்கிறோம் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். மொத்தப் படிப்பு குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருடம் கிடைக்கும். அதனால் முதலில் முதலாளியிடம் பேசுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு விண்ணப்பம் வாங்கினால் போதும்.

என்னிடம் பார்ட் டைமில் சேர்ந்த ஒருவர் ஈரோடு பக்கம் நூற்பாலையில் சூப்பர்வைசர். பவானி ஜமக்காளத் தறிக்காரர்களின் கூலிதான் அவர் தலைப்பு. சனிக்கிழமை முதல் பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் வருவார். கையில் கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பது போல ஒரு நீள நோட்டு. இடது பக்கம் தறிக்காரர் சொன்ன கூலி, வலது பக்கம் தறி முதலாளி சொன்ன கூலி, இரண்டும் ஒத்துவராத இடத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி. முதல் வருடம் அந்தச் சுழிகளைத் தன் தப்பு என்று நினைத்து அழிக்கப் பார்த்தார். அழிக்காதீர்கள், அதைத்தான் நாம் ஆராயப் போகிறோம் என்றேன். கடைசியில் தீசிஸின் (ஆய்வேட்டின்) கனமான அத்தியாயம் அந்தச் சுழிகளிலிருந்துதான் வந்தது. அந்த நோட்டை ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டியிருக்காவிட்டால் அது நடந்திருக்காது. நேரில் வரச் சொல்லும் விதியை அதனால்தான் நான் சுமையாக நினைப்பதில்லை.

செலவுக்கு வருகிறேன். பாரதியார், பெரியார் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைவிடப் பொதுவாக நன்றாகவே குறைவு. வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பதிவு, கோர்ஸ் ஒர்க் தேர்வு, சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), தீசிஸ் சமர்ப்பிப்பு, காலநீட்டிப்பு என்று தனித்தனியாக வரும். ஆறு வருடத்துக்கும் கூட்டிப் பாருங்கள். அதோடு பஸ் செலவையும் சேருங்கள். திருப்பூரிலிருந்து கோவைக்கு மாதம் நாலு தடவை என்றால் அதுவே ஒரு தொகை.

காந்திபுரத்துல ஒரு ஆபீஸ். வட இந்தியத் தனியார் பல்கலைக்கழகத்தோட மையம்னு போர்டு இருக்குது. யுஜிசி பட்டியல்ல அந்தப் பேரு இருக்குதுன்னு காட்டினாங்க. இங்கேயே பதிவு பண்ணிக்கலாம், ஒரு தடவைகூட அங்க போக வேண்டாங்கறாங்க. நம்பலாமுங்களா?

வேண்டாங்க. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பது முதல் கேள்வி மட்டுமே. 1956-ம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22-ம் பிரிவுப்படி, சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டத்தால் உருவான பல்கலைக்கழகமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமும்தான் பட்டம் கொடுக்க முடியும். அந்த ஆபீஸ் காட்டியது இதை. இதற்கு அடுத்த கேள்வியை அவர்கள் காட்டவில்லை.

ஒரு மாநிலத்துச் சட்டத்தால் பிறந்த தனியார் பல்கலைக்கழகம் அடுத்த மாநிலத்தில் மையம் திறந்து பட்டப் படிப்பு நடத்த முடியாது. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்துவிட்டது. சத்தீஸ்கரில் ஒரே சட்டத்தின் பெயரால் முளைத்த நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் அந்தத் தீர்ப்பில்தான் செல்லாமல் போயின. பட்டியலில் இருப்பவர்களும் தப்பு செய்தால் பிஎச்.டி. அனுமதி போய்விடும். 2025 ஜனவரியில் ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி.க்கு ஆள் சேர்க்க யுஜிசி ஐந்து வருடம் தடை போட்டது. பணம் கட்டுவதற்கு முன்னால் யுஜிசி இணையதளத்தில் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலோடு இப்படிப்பட்ட அறிவிப்புகளையும் தேடிப் படியுங்கள்.

கைடு யார் என்றும் கேளுங்கள். பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்தலாம். பெயர் சொன்னால் ஷோத்கங்கா தளத்தில் போட்டுப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் தீசிஸ்கள் அங்கே சேர்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ் இரண்டைப் படித்தாலே அங்கே நடப்பது ஆராய்ச்சியா இல்லையா என்று உங்களுக்குப் பிடிபடும். பெயரே சொல்ல மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

விளம்பரத்துல "நாக் ஏ பிளஸ் பிளஸ்"னு பெருசாப் போட்டிருக்காங்க. அப்ப அங்கீகாரம் இருக்குதுன்னுதானே அர்த்தம்? (சேலம்)

இல்லை. அங்கீகாரம் சட்டத்திலிருந்து வருகிறது. நாக் என்பது 1994-ல் தொடங்கிய, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட தர மதிப்பீட்டு அமைப்பு. நிறுவனம் எப்படி நடக்கிறது என்று பார்த்து கிரேடு கொடுக்கும். அந்த கிரேடுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதையும் பாருங்கள். நல்ல கிரேடு வாங்கிய இடத்திலும் உங்கள் பாடத்துக்குக் கைடு இல்லாமல் போகலாம். நான் கிரேடை மூன்றாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் பட்டம் கொடுக்கும் அதிகாரம், அடுத்தது கைடு.

கோபிச்செட்டிபாளையத்துல அரசுப் பள்ளி ஆசிரியை. எம்.ஏ. தமிழ் தபால்ல படிச்சதுங்க. அதை வெச்சு பிஎச்.டி. சேர முடியுமா?

தாராளமாகச் சேரலாம் டீச்சர். யுஜிசி அனுமதியோடு நடந்த தொலைதூரப் படிப்பில் வாங்கிய பட்டம் கல்லூரியில் நேரில் படித்ததற்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி தெளிவாகவே அறிவித்தது. நீங்கள் படித்த வருடத்தில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. 2024 ஜூன் முதல் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்விலேயே பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி தரும் ஒரு பிரிவு இருக்கிறது. அதில் தேறினால் அந்த மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் கணக்கு. ஒரு வருடத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். துறை அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே பதிவு செய்யுங்கள்.

கைக்குழந்தை இருக்குது. பொள்ளாச்சியிலிருந்து போய்வர முடியுமான்னு பயமா இருக்குது.

பயப்படாதே அம்மிணி. பெண்களுக்கு விதியிலேயே கூடுதலாக 2 வருடம் உண்டு, மொத்தம் 10 வருடம் வரை போகலாம். பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாகப் படிப்புக் காலத்தில் 240 நாள் எடுக்கலாம். முழு நேரமாகச் சேர முடிந்தால் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு முயற்சி செய். 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய் வருகிறது. குறைந்த செலவு என்று எல்லோரும் பார்ட் டைமைத் தேடுகிறார்கள். உதவித்தொகையோடு முழு நேரமாகப் படிப்பது அதைவிடக் குறைந்த செலவு என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஆன்லைன் டாக்டரேட், இங்குள்ள ஒரு ஆப் கம்பெனி மூலமா. செல்லுமா? (கோவை, ஐ.டி.)

கல்லூரி ஆசிரியர் வேலைக்கென்றால் செல்லாது. எட்-டெக் கம்பெனிகள் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று 2022 அக்டோபரில் யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇயும் சேர்ந்தே எச்சரித்தன.

அதற்காக வெளிநாட்டுத் தொலைதூர ஆய்வுப் படிப்பு எல்லாமே போலி என்று சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்காவின் யூனிசா 1946 முதல் தொலைதூரத்தில் கற்பிக்கிறது, முனைவர் பட்டமும் தருகிறது. அந்த நாட்டில் அதற்கு மதிப்பு உண்டு. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே அங்கீகாரம் கொடுப்பவை தனியார் அமைப்புகள். அந்த அமைப்பை அமெரிக்கக் கல்வித்துறையோ சி.எச்.இ.ஏ. என்ற கவுன்சிலோ ஏற்றிருக்க வேண்டும். பட்டம் விற்பவர்கள் தாங்களே ஓர் அங்கீகார அமைப்பைத் தொடங்கித் தங்களுக்கே சான்று கொடுத்துக்கொள்கிறார்கள். அங்கீகாரம் கொடுத்தது யார், அவரை ஏற்றது யார் என்று இரண்டு படி பின்னால் போய்ப் பாருங்கள்.

எங்க அய்யன் நாமக்கல்லுல கோழிப்பண்ணை வெச்சிருக்காருங்க. கௌரவ டாக்டர் பட்டம் தர்றோம், நன்கொடை கட்டுங்கன்னு போன் வருது.

கட்ட வேண்டாங்க. கௌரவப் பட்டமும் பட்டம் கொடுக்கும் அதிகாரமுள்ள பல்கலைக்கழகம்தான் தர முடியும். அது படிப்புத் தகுதியாகவும் கணக்கில் வராது. நாற்பது வருடம் பண்ணை நடத்திய அனுபவத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதி வையுங்கள்.

ஒரு ஏஜென்ட்டுகிட்ட 80,000 ரூபாய் கட்டிட்டேன். தீசிஸும் அவங்களே எழுதித் தருவாங்களாம். இப்பத்தான் மனசு உறுத்துது. (ஊர் வேண்டாம்)

எழுதிக் கேட்டதே நல்லதுங்க. ஒரு கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்புக் குழுவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் கோப்பை நீட்டினார். தங்க எழுத்து, தடித்த தாள், பட்டுக் கயிறு. உங்கள் ஆய்வில் எத்தனை பேரைச் சந்தித்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதில் வரவில்லை. கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தார். அந்த விரல்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அவரை ஏமாற்றியவர்கள் அந்த அறையில் இல்லை.

யுஜிசியின் 2018 விதிகளின்படி, தீசிஸில் காப்பியின் அளவு 10 சதவீதத்தைத் தாண்டினாலே திருத்தித் தர வேண்டும். 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. காப்பியில் சிக்காமல் எழுதிக் கொடுத்தாலும் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இனி ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஏமாற்று என்பதற்கு ஆதாரம் இருந்தால் காவல் நிலையத்தில் புகாரும் கொடுக்கலாம். அசல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால் அதை முதலில் வாங்குங்கள். பணத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.