எந்த முனை பேசவில்லை? சீரியல் இணைப்புப் பழுதுகள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே சீரியல் இணைப்பு (இரு ரவுட்டர்களுக்கு நடுவே தகவலை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் லைன்) பற்றியவை, எல்லாமே சிஸ்கோ ரவுட்டர் (வலையமைப்புகளை இணைக்கும் கருவி) வைத்திருப்பவர்களிடமிருந்து வந்தவை. பதிலுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். இணைப்பு நின்றதும் அமைப்புகளை மாற்றத் தொடங்காதீர்கள். ‘ஷோ இன்டர்ஃபேசஸ் சீரியல்’ கட்டளை தரும் முதல் வரியை இரண்டு ரவுட்டர்களிலும் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியில் முதலில் வரும் ‘அப்’ அல்லது ‘டவுன்’, மின் சமிக்ஞை வருகிறதா என்பதைச் சொல்கிறது. அடுத்து வரும் ‘லைன் புரோட்டோகால்’ நிலை, எதிர்முனையோடு பேச்சு நடக்கிறதா என்பதைச் சொல்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி நாள் வீணாகிறது.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு ரவுட்டர்களை நேரடியாகக் கேபிளால் இணைத்தோம். ஐபி முகவரி சரி, ‘நோ ஷட்டவுன்’ கொடுத்து இணைப்பை இயக்கியாயிற்று. ஆனாலும் லைன் புரோட்டோகால் டவுன் என்றே காட்டுகிறது.

க்ளாக் கொடுத்தீர்களா? சீரியல் இணைப்பில் ஒவ்வொரு பிட்டும் எப்போது தொடங்குகிறது என்பதைச் சொல்ல ஒரு தாளம் வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து எடுத்த குத்தகை லைனில் அந்தத் தாளத்தை மோடம் தருகிறது. ஆய்வகத்தில் மோடம் இல்லை. ஆகவே ஒரு ரவுட்டர் அந்த வேலையைச் செய்ய வேண்டும். எந்த ரவுட்டர் என்பதைத் தீர்மானிப்பது கேபிள்தான். டிசிஇ (தாளம் கொடுக்கும்) முனை எந்த ரவுட்டரில் செருகப்பட்டிருக்கிறதோ அதில்தான் ‘க்ளாக் ரேட் 64000’ போன்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். கேபிளின் எழுத்து அழிந்திருந்தால் ‘ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல்’ கொடுத்துப் பாருங்கள். டிசிஇ-யா, தாளத்தைப் பெறும் டிடிஇ-யா என்று அதுவே சொல்லும்.

‘பேண்ட்விட்த்’ கட்டளையை மாற்றிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது லைனின் வேகத்தைத் தொடுவதே இல்லை. ரவுட்டிங் புரோட்டோகால் (தகவல் போகும் பாதையைத் தேர்வு செய்யும் முறை) பாதையின் மதிப்பைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் எண் மட்டுமே அது.

கேள்வி: எங்கள் கிளையில் காலையிலிருந்து இரண்டுமே டவுன். லைன் கொடுத்த நிறுவனத்தாரைக் கேட்டால் ‘எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது’ என்கிறார்கள். யாரை நம்புவது?

அவர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர்களின் சோதனை பெரும்பாலும் மோடத்தின் லைன் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள கேபிளை அவர்களின் கருவி பார்ப்பதில்லை.

‘ஷோ இன்டர்ஃபேசஸ்’ வெளியீட்டின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். டிசிடி, டிஎஸ்ஆர், டிடிஆர், ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்று ஐந்து சமிக்ஞைகளின் நிலை அங்கே இருக்கும். டிடிஆரும் ஆர்டிஎஸ்ஸும் உங்கள் ரவுட்டர் எழுப்புபவை. மற்ற மூன்றும் மோடத்திலிருந்து வருபவை. அந்த மூன்றும் டவுன் என்றால் மோடத்துக்கு மின்சாரம் இருக்கிறதா, கேபிள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஎஸ்ஆர் அப், டிசிடி மட்டும் டவுன் என்றால் மோடம் உயிரோடு இருக்கிறது, ஆனால் எதிர்முனை மோடத்தின் சமிக்ஞை அதற்குக் கேட்கவில்லை. அப்போது லைன் மீது சந்தேகப்படலாம். சில மோடம்களில் டிசிடியை எப்போதும் அப் ஆகவே வைக்கும் அமைப்பு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது லூப் சோதனை. என்கேப்சுலேஷனை (தகவலைப் பொதிந்து லைனில் அனுப்பும் முறை) சிஸ்கோவின் இயல்பான எச்டிஎல்சியில் வைத்துக்கொண்டு, உங்கள் பக்க மோடத்தை ரவுட்டரை நோக்கி லூப் செய்யுங்கள். ரவுட்டர் அனுப்பியதே அதற்குத் திரும்பி வரும், முதல் வரியில் ‘லூப்டு’ என்று தெரியும். தெரிந்தால் உங்கள் ரவுட்டர், கேபிள், மோடத்தின் முகப்பு மூன்றும் நலம். பிறகு எதிர்முனை மோடத்தை உங்களை நோக்கி லூப் செய்யச் சொல்லுங்கள். அப்போதும் ‘லூப்டு’ தெரிந்தால் லைன் முழுவதும் நலம், பழுது அந்தப் பக்கக் கேபிளிலோ ரவுட்டரிலோ இருக்கிறது. முதல் லூப் தெரிந்து இரண்டாவது தெரியாவிட்டால் நிறுவனத்தாரிடம் அந்த முடிவைச் சொல்லிப் புகார் கொடுங்கள். ‘லைன் வேலை செய்யவில்லை’ என்ற புகாரைவிட ‘அருகு லூப் வருகிறது, தொலைவு லூப் வரவில்லை’ என்ற புகாருக்குப் பல மடங்கு வலு உண்டு.

கேபிளைப் பற்றி இன்னும் ஒன்று. சீரியல் கேபிளின் வி.35 இணைப்பி கனமானது, 34 ஊசிகள் கொண்டது. இரண்டு பக்கத் திருகுகளையும் முடுக்காமல் விட்டால் தன் எடையிலேயே மெல்லத் தொங்கி, ஒரு வரிசை ஊசிகள் மட்டும் பிடி விட்டுவிடும். பார்வைக்குச் செருகித்தான் இருக்கும். ஒரு கிளையில் இரவு பத்து மணி வரை அமைப்புகளோடு போராடிவிட்டு, கடைசியில் ரவுட்டருக்குப் பின்னால் கை விட்டபோதுதான் இணைப்பி ஆடுவது தெரிந்தது. ‘கேரியர் டிரான்சிஷன்ஸ்’ எண் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்ததை நான் அன்று மாலையே பார்த்திருக்க வேண்டும். சமிக்ஞை விட்டு விட்டு வந்ததற்கு அந்த எண் சாட்சி.

கேள்வி: மின் சமிக்ஞை இரு பக்கமும் அப். லைன் புரோட்டோகால் மட்டும் இரு பக்கமும் டவுன். பழுது எந்தத் திசையில் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. எச்டிஎல்சியில் ரவுட்டர்கள் இயல்பாக 10 விநாடிக்கு ஒரு முறை ‘கீப்அலைவ்’ (உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் சிறு செய்தி) அனுப்பிக்கொள்கின்றன. ‘டீபக் சீரியல் இன்டர்ஃபேஸ்’ கொடுத்தால் ஒவ்வொரு முறையும் மூன்று எண்கள் வரும். ‘மைசீக்’ என்பது நான் அனுப்பிய வரிசை எண். ‘மைன்சீன்’ என்பது எனதில் எதை எதிராளி கடைசியாகப் பார்த்தார் என்பது. ‘யுவர்சீன்’ என்பது அவருடையதில் நான் கடைசியாகப் பார்த்தது.

மைசீக் ஏறிக்கொண்டே போக, மைன்சீன் நின்ற இடத்திலேயே நின்றால் ரவுட்டர் மூன்று முறை பொறுத்துப் பார்த்துவிட்டு லைனைக் கீழே இறக்கிவிடும். ஒரு திசை மட்டும் அறுந்தாலும் இரு பக்கமும் டவுன் ஆவது இதனால்தான். இப்போது யுவர்சீனைப் பாருங்கள். எந்த ரவுட்டரில் அது ஏறிக்கொண்டிருக்கிறதோ, அந்த ரவுட்டருக்கு எதிராளியின் குரல் கேட்கிறது. இதன் குரல்தான் அங்கே போய்ச் சேரவில்லை. எனவே அந்த ரவுட்டரிலிருந்து வெளியே போகும் பாதையை மட்டும் சோதித்தால் போதும். இரண்டிலும் யுவர்சீன் நகரவில்லை என்றால் என்கேப்சுலேஷனையும் க்ளாக்கையும் முதலில் பாருங்கள். வேலை முடிந்ததும் டீபக்கை நிறுத்திவிடுங்கள். வேலைப்பளு மிகுந்த ரவுட்டரில் அதை ஓட விடக் கூடாது.

கேள்வி: ஒரு பக்கம் சிஸ்கோவை எடுத்துவிட்டு வேறு நிறுவனத்தின் ரவுட்டரை வைத்தோம். அன்றிலிருந்து டவுன்.

சிஸ்கோவின் எச்டிஎல்சியில் புரோட்டோகால் வகையைக் குறிக்க அந்நிறுவனம் தானே சேர்த்த ஒரு புலம் இருக்கிறது. மற்ற ரவுட்டருக்கு அது புரியாமல் போகலாம். இரு பக்கமும் பிபிபிக்கு (வெவ்வேறு நிறுவன ரவுட்டர்களுக்கும் பொதுவான முறை) மாறுங்கள். சாப் முறையில் (எதிர்முனை யார் என்று சரிபார்க்கும் பிபிபி வசதி) கடவுச்சொல் வைப்பதானால் ‘யூசர்நேம்’ இடத்தில் எதிர்முனை ரவுட்டரின் பெயரை எழுத வேண்டும். தன் பெயரையே எழுதிவிடுவது மிகவும் சாதாரணமான தவறு. கடவுச்சொல் இரு பக்கமும் ஒன்றாக, பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: லைன் அப்தான், ஆனால் ஊர்கிறது. சிஆர்சி பிழைகள் ஏறுகின்றன.

சிஆர்சி பிழை என்றால் தகவல் வழியில் சிதைந்து வந்திருக்கிறது என்று பொருள். முதலில் ‘க்ளியர் கவுன்டர்ஸ்’ கொடுத்து எண்ணிக்கைகளை அழித்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். பழைய எண்களை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உள்வரும் பிழைகள் மொத்தப் போக்குவரத்தில் 1 சதவீதத்தைத் தாண்டினால் சும்மா விடக் கூடாது. நான் முதலில் கேட்பது: இரண்டு மோடங்களும் உள் க்ளாக்கில் இருக்கின்றனவா? இரு தாளங்கள் ஓடினால் அவை ஒன்றை ஒன்று விட்டு விலகி, அவ்வப்போது பிட்டுகள் நழுவும். செம்புக் கம்பியில் நேராக இணைந்த மோடங்களானால் ஒன்று தாளம் கொடுக்க, மற்றது லைனிலிருந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் நிறுவனத்தின் வலையமைப்பு இருந்தால் இரண்டுமே லைனிலிருந்து எடுக்க வேண்டும். அது சரியாக இருந்தால் கேபிளின் நீளத்தைப் பாருங்கள். 15 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: இரண்டுமே அப், ரவுட்டருக்கு ரவுட்டர் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்ற சோதனை) போகிறது. கிளையின் கணினியிலிருந்து தலைமை அலுவலகக் கணினிக்குப் போகவில்லை.

இது சீரியல் பழுது அல்ல. போகும் வழி எழுதியிருப்பீர்கள், திரும்பும் வழி எழுதியிருக்க மாட்டீர்கள். தலைமை அலுவலக ரவுட்டரில் ‘ஷோ ஐபி ரவுட்’ கொடுத்து, கிளையின் உள் வலையமைப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.