சேவல் காசுக்கு நாற்பது சதவீதம் கூடுதலா?

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். ஞாயிறு பழம்பொருள் சந்தையில் ஒருவர், சேவல் பொறித்த 20 ஃபிராங்க் தங்கக் காசு வைத்திருக்கிறார். வருடம் 1910. "நூறு வருஷத்துக்கு மேல் பழசு" என்று தங்க விலைக்கு மேல் நாற்பது சதவீதம் கேட்கிறார். காசு சேகரிக்க ஆசை. இதில் தொடங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். காசு நல்ல காசாகவே இருக்கலாம். ஆனால் 1910 என்று போட்டிருப்பதால் மட்டும் அது 1910இல் அடித்ததாகிவிடாது. 1951 முதல் 1960 வரை பாரிஸ் அரசு நாணயச் சாலையே 1907–1914 வருடங்களைப் பொறித்து இந்தக் காசை மறுபடி அடித்துத் தள்ளியது, மூன்றரைக் கோடிக்கும் மேல். எடையும் மாற்றும் அதேதான், போலி கிடையாது. அரிய காசும் கிடையாது. மறு அச்சு சற்றுச் செம்பு நிறமாகத் தெரியும். ஆனால் சந்தை வெயிலில் நின்று நிறம் பார்த்து முடிவு செய்வது ஆபத்து.

சேகரிப்புக்கென்றால் 1899 முதல் 1906 வரையிலான வருடங்களைக் கேளுங்கள். காசைப் படுக்கவைத்துப் பார்க்காமல் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்: 'கடவுள் பிரான்சைக் காக்கட்டும்' என்ற பொருளில் பிரெஞ்சு எழுத்துகள் ஓடும். 1905இல் அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் வந்தது. 1907 முதல் விளிம்பில் 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' ஏறிவிட்டது. அந்த மாற்றத்தை விரல் நுனியில் பிடித்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

எடை 6.45 கிராம், குறுக்களவு 21 மில்லிமீட்டர். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு தங்கம், அதாவது சுத்தத் தங்கம் 5.8 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அடிப்படை விலை தெரிந்துவிடும். கையடக்கத் தராசு ஒன்று கொண்டு போங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது அவ்வளவு பயன்படாது. செம்பும் பித்தளையும்கூடத்தான் ஒட்டாது.

இதே சிக்கல் வேறு நாடுகளிலும் உண்டு. ஆஸ்திரியாவின் 1915 டுகாட் என்ற தங்கக் காசை வியன்னாவில் இன்றும் அந்த வருடம் போட்டே அடிக்கிறார்கள்.

அப்புறம், பெயர் பலகை உள்ள கடையில் ரசீதோடு வாங்குங்கள். பின்னால் விற்கும்போது, வாங்கிய தேதியும் விலையும் காட்ட முடியாவிட்டால் மொத்த விற்பனைத் தொகையிலேயே 11.5 சதவீதம் வரி போகும். வாங்கிய கையோடு குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசுக்குச் சேகரிப்பவர் யாரும் தங்க விலைக்கு மேல் கொடுக்கமாட்டார்.